ஆறு மாட்டுச் சாணத்தில் அடுப்பு எரியும், மோட்டார் ஓடுமா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கு கலப்பினக் கறவை மாடும் இரண்டு எருமையும் இருக்கின்றன. சாணம் கட்டுத்தரைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் கரைந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிறது, ஈத் தொல்லையில் சண்டையே வந்துவிட்டது. சாணத்தைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கோபர் கேஸ் கலன் போட்டால் சாணப் பிரச்சினை தீருமா, சிலிண்டர் வாங்குவதை நிறுத்திவிடலாமா, கூடவே கரண்ட் எடுத்துக் கிணற்று மோட்டார் ஓட்ட முடியுமா என்பது அவர் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், சிலிண்டரை அநேகமாக நிறுத்திவிடலாம். மோட்டார் ஓடாது. சாணப் பிரச்சினை தீராது, வேறு உருவம் எடுக்கும். இன்று பின்பக்கம் குவிகிற சாணத்துக்குப் பதிலாகத் தினமும் நூறு லிட்டருக்கு மேல் கரைசல் வெளியே வந்து நிற்கும். அந்தக் கரைசலுக்கு இடமும் வேலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றிப் பேசலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் கணக்கு. ஒரு கலப்பின மாடு ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தீனி என்றால் இன்னும் கூடும். எருமையும் அதே கணக்குதான். நாட்டு மாடு என்றால் பத்து கிலோ. ஆறு உருப்படிக்குத் தொண்ணூறு கிலோ வருகிறது. ஆனால் இந்தத் தொண்ணூறு காகிதத்தில்தான். மாடுகள் பகலில் மேயப் போனால் அந்தச் சாணம் காட்டிலேயே விழுந்துவிடும். உங்கள் கைக்கு வருவது ஐம்பது, அறுபது கிலோ. கலன் விற்க வருகிறவர் மாட்டுத் தலையை எண்ணி அளவு சொல்வார். நீங்கள் கூடையை எண்ணிச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ சாணத்துக்கு நாற்பது லிட்டர் வாயு, அதாவது ஒரு கன மீட்டர் வாயுவுக்கு இருபத்தைந்து கிலோ சாணம். இது ஏட்டுக் கணக்கு. ஐம்பது கிலோவுக்கு இரண்டு கன மீட்டர் என்று ஆகிறது. நடைமுறையில் ஒன்றரைதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு, சிலிண்டர் கேஸில் ஏறக்குறைய 0.43 கிலோவுக்குச் சமம். ஒன்றரை கன மீட்டர் என்றால் மாதம் 19 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் ஒன்றேகால் பங்குக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் குளிக்க வெந்நீர் போடவும்கூட மிஞ்சும். இன்றைய சிலிண்டர் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சிறு எஞ்சினில் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஒன்றரை யூனிட் வந்தால் நல்ல தேர்ச்சி. இரண்டு கன மீட்டருக்கு மூன்று யூனிட். ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட நாலு யூனிட் வேண்டும். அதாவது ஆறு மாட்டிடமிருந்து ஒரு நாள் முழுக்க உங்கள் கைக்கு வரும் சாணம் ஒரு மணி நேரத் தண்ணீருக்குக்கூடக் காணாது. தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்குக் காசு கிடையாது, வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். இலவசமாக வருகிற ஒன்றைத் தயாரிக்க எஞ்சின், ஜெனரேட்டர், ஆயில் என்று எதற்குச் செலவு? ஐம்பது, அறுபது மாடு உள்ள பண்ணை என்றால் கதை வேறு. மத்திய அரசின் சாண எரிவாயு மின் திட்டமே நாளொன்றுக்கு 30 கன மீட்டர் கலனில், 3 கிலோவாட்டில்தான் ஆரம்பிக்கிறது. அந்த அளவிலும் வாயுவில் கலந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக வடிகட்டாமல் எஞ்சினுக்கு விட்டால் பேரிங்கும் வால்வும் அரித்துப்போகும்.

சரி, அடுப்புக்கு என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கலனைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான விஷயம், அது கட்டுத்தரையில் கட்டிய இன்னொரு மாடு என்பதுதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. மாட்டின் முதல் வயிற்றில் காற்றில்லாத இடத்தில் தீனியைப் புளிக்கவைத்து மீத்தேன் உண்டாக்கும் அதே இன நுண்ணுயிர்கள்தான் சாணத்தோடு கலனுக்குள் வருகின்றன. ஒரு கூட்டம் நார், மாவு, புரதம் எல்லாவற்றையும் உடைத்து அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனும் கரியமில வாயுவும் விடுகிறது. முதல் கூட்டம் வேகமானது, முரட்டுத்தனமானது. இரண்டாவது கூட்டம் மெதுவானது, நோஞ்சான். தீனி அளவோடு போனால் இரண்டும் ஒத்துப்போகும். கூடிப்போனால் அமிலம் சேர்ந்து இரண்டாவது கூட்டம் சுருண்டுவிடும், அடுப்பு அணைந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு சீர் முடிந்த மறுநாள் இரண்டு அண்டா சோறும் அரை அண்டா பாயசமும் மிஞ்சின. யாரோ சொன்னார்கள், சோறு போட்டால் கேஸ் பிய்த்துக்கொண்டு வரும் என்று. நானும் இரண்டு நாளில் எல்லாவற்றையும் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் கலன்மேல் மிதக்கிற வாயு டிரம் தளும்பத் தளும்ப மேலே ஏறி நின்றது. ஊரைக் கூட்டிக் காட்டினேன். நாலாம் நாள் அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினால் பற்றவே இல்லை, உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. வந்ததெல்லாம் கரியமில வாயு. வெளிவாயில் பக்கம் நின்றால் புளித்த கள்ளு மாதிரி வாடை. பொங்கலன்று மாட்டுக்குச் சோறு அளவில்லாமல் போட்டு, அது வயிறு உப்பிக் கீழே படுத்து, கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோமே, அதே நோய்தான்.

வைத்தியமும் அதேதான்: பட்டினி. பத்து நாள் ஒன்றும் ஊற்றவில்லை. அடுத்த ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனிலிருந்து பத்துக் குடம் ஸ்லரி, அதாவது வெளியே வழியும் பழைய கரைசல், கொண்டுவந்து விட்டோம். அப்புறம் கால் பங்கு சாணம், அரைப் பங்கு என்று ஏற்றினோம். இருபதாம் நாள் நீலச் சுவாலை திரும்பி வந்தது. அதுவரை வீட்டில் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

தினமும் செய்யவேண்டியது என்ன என்று கேட்டால், காலையில் அரை மணி நேர வேலை. பால் கறந்து முடித்ததும் சாணத்தைக் கூடையில் அள்ளி உள்வாயில் தொட்டியில் கொட்ட வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள ஓட்டையைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்திருப்போம். சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்து கரைக்க வேண்டும், கட்டி இருக்கக் கூடாது. கம்மங்கூழ் கரைச்சல் பதம் வர வேண்டும். கை வைத்துப் பிசையும்போதே விரலில் தட்டுப்படும் சோளத்தட்டு, கயிற்றுத் துண்டு, கல் எல்லாவற்றையும் எடுத்து எறிய வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மண் அடியில் தங்கும். கட்டையை உருவினால் கொளக் கொளக்கென்று உள்ளே இறங்கும், அதே நேரத்தில் அந்தப் பக்கம் வெளிவாயில் வழியாக அதே அளவு பழைய கரைசல் மெதுவாக வழியும். அடியில் தங்கிய மண்ணைச் சிரட்டையால் வழித்து வெளியே போட வேண்டும். இவ்வளவுதான்.

இங்கே தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைத் தினமும் செய்யப்போவது யார்? நீங்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வருகிறவர் என்றால் கரைக்கப்போவது உங்கள் அம்மா. அறுபது லிட்டர் தண்ணீரை எங்கிருந்து தூக்குவார்? குழாய் தொட்டி வரைக்கும் வருகிறதா? கட்டுத்தரைக் கழிவுநீரே சரிவாக ஓடித் தொட்டியில் விழும்படி தளம் போட முடியுமா? இதையெல்லாம் அம்மாவை உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். நான் பார்த்த வரைக்கும் நின்றுபோன கலன்களில் பாதிக்கு மேல் தொழில்நுட்பக் கோளாறால் நிற்கவில்லை. கரைக்கிற ஆளிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் நின்றன. அரசுத் திட்டம் 1981-82இல் நாடு முழுக்க ஆரம்பித்த பிறகு ஊர் ஊராகக் கட்டினார்கள். அந்தக் காலத்து டிரம் துருப்பிடித்து வாதநாராயண மரத்தடியில் கவிழ்ந்து கிடப்பதை இன்றைக்கும் கொங்குப் பக்கத்தில் பார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு சேதி. கோமியம் கலந்த கட்டுத்தரைத் தண்ணீரைப் பயன்படுத்தலாம், நல்லதும்கூட. ஆனால் ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் வேண்டவே வேண்டாம். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள் தனியாக எருக்குழியில் போடுங்கள். கிருமியைக் கொல்ல வந்த மருந்து கலனுக்குள் இருப்பது நம்முடைய கிருமி என்று பார்க்காது.

எந்த வகைக் கலன் போடுவது? பழைய வகை, இரும்பு டிரம் மிதக்கிற வகை. ஜஷ்பாய் படேல் 1950களில் வடிவமைத்ததைக் காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களில் எடுத்துப் பரப்பியது. சாண எரிவாயு நம் நாட்டுக்கு அதைவிடப் பழசு. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் 1897லேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். டிரம் வகையில் ஒரு வசதி, கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். டிரம் ஒரு முழம் மேலே நின்றால் மதியச் சமையல் முடிந்துவிடும் என்று வீட்டுப் பெண்கள் கணக்கு வைத்திருப்பார்கள். அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் மட்டும் டிரம் ஓட்டையாகிவிடும். இப்போது ஃபைபர் டிரம் வந்திருக்கிறது. துருப்பிடிக்காது, விலைதான் அதிகம்.

அடுத்தது தீனபந்து. 1984இல் அப்ரோ என்ற தொண்டு நிறுவனம் கொண்டுவந்த வடிவம். பெயருக்கு ஏழைகளின் நண்பன் என்று பொருள். முழுக்கச் செங்கல்லும் சிமெண்டும், தரைக்கு அடியில் கவிழ்த்த சட்டி மாதிரி கும்மட்டம். இரும்பு கிடையாது, அசைகிற பாகம் கிடையாது. வாயு சேரச் சேர உள்ளே இருக்கும் கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளும். அடுப்பைத் திறந்தால் அந்தக் கரைசல் திரும்பி உள்ளே வந்து வாயுவை வெளியே தள்ளும். காலையில் சுவாலை சீறிக்கொண்டு வரும், சமையல் முடியும் நேரத்துக்குச் சோர்ந்துபோகும். அது கோளாறு இல்லை, அதன் குணம். ஒழுங்காகக் கட்டினால் இருபது வருஷம் ஓடும். ஒழுங்காக என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. வீடு கட்டுகிற கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கும்மட்டம் கட்டிப் பழகாதவர் என்றால் வேண்டாம். உள்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் தண்ணீர் ஒழுகாது, வாயு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும். முன்பு அதே ஆள் கட்டிய கலன் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, அதுவும் அந்தக் கேஸில் போட்ட டீயா என்று பார்த்துவிட்டு, முன்பணம் கொடுங்கள்.

மூன்றாவது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பை வகை. ஒரே நாளில் பொருத்திவிடலாம், விலையும் குறைவு. ஆனால் வெயிலும் எலியும் அதற்கு எமன். அழுத்தம் குறைவு என்பதால் மேலே மணல் மூட்டை வைக்க வேண்டியிருக்கும். வாடகைக் காடு, நிரந்தரம் இல்லாத இடம் என்றால் இதைப் பார்க்கலாம். உங்களுக்கு, நிலம் சொந்தம் என்பதால், தீனபந்து என்றே சொல்வேன். ஒரு நிபந்தனை: குழி தோண்டும்போது ஐந்தடியில் பாறை வந்தால் வெடி வைக்க வேண்டாம், பை வகைக்கு மாறிவிடுங்கள்.

இடம் சமையலறைக்குப் பக்கத்தில், கட்டுத்தரைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்கட்டும். வெயில் விழ வேண்டும். மரத்தடி ஆகாது, வேர் வந்து கும்மட்டத்தைப் பிளக்கும். அளவு இரண்டு கன மீட்டர் போதும், இது ஒரு நாளைக்குத் தரும் வாயுவின் கணக்கு, குழியின் கொள்ளளவு இல்லை. அறுபது கிலோ சாணமும் அறுபது லிட்டர் தண்ணீரும் சேர்ந்து தினம் 120 லிட்டர். தமிழ்நாட்டு வெக்கைக்கு முப்பது நாள் உள்ளே தங்கினால் போதும் என்பது அரசு வடிவமைப்புக் கணக்கு. வடக்கே குளிர்ப் பிரதேசங்களுக்கு 55 நாள் வைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் வெயில் நமக்குக் கைகொடுக்கிறது.

மானியம் உண்டு. தேசிய உயிர் ஆற்றல் திட்டத்தில், 2021-22 முதல் 2025-26 வரையிலான கட்டத்துக்கு, கலனின் அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை வைத்திருந்தார்கள். இப்போது என்ன நிலவரம் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். குழி தோண்டும் முன்பே கேளுங்கள். கட்டி முடித்துவிட்டு மானியத்துக்கு அலைந்தவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு திரும்பியதை நான் பார்த்ததில்லை. மானியம் வந்தால் லாபம், வராவிட்டாலும் கட்டுப்படியாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் நிரப்புதலுக்கு இரண்டு டன் சாணம் வேண்டும். உங்கள் கணக்கில் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்த சாணம். காய்ந்த சாணம் உதவாது, ஈரம் போகாமல் மூடி வைத்திருங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பண்ணையில் ஒரு டிராக்டர் சாணம் வாங்கிவிடுங்கள். ஓடுகிற கலனிலிருந்து சில குடம் ஸ்லரி ஊற்றினால் தயிருக்கு உறை ஊற்றின மாதிரி. சித்திரை வைகாசியில் நிரப்பினால் இரண்டு மூன்று வாரத்தில் வாயு வந்துவிடும், மார்கழியில் நிரப்பினால் பொறுமை வேண்டும். முதலில் வருகிற வாயுவில் காற்று கலந்திருக்கும், மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அதனால் முதல் இரண்டு முறை நிரம்பியதைத் திறந்தவெளியில் விட்டுவிட்டு அப்புறம் அடுப்பில் பற்றவையுங்கள்.

அடுப்பு தனி. சிலிண்டர் அடுப்பில் இந்த வாயுவை விட்டால் சுவாலை மூக்குத்தி அளவுக்குத்தான் நிற்கும். இதில் மீத்தேன் அறுபது சதவீதம்தான், மீதி கரியமில வாயு. அதனால் ஜெட் ஓட்டை பெரிதாக உள்ள சாண எரிவாயு அடுப்பே வேண்டும். சுவாலை நீலமாக, சின்னச் சீறலோடு நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்றுத் தட்டைத் திறந்துவிடுங்கள். விட்டு விட்டுத் துடித்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கலனிலிருந்து வரும் வாயு ஈரமானது, குழாயில் குளிர்ந்து சொட்டாகும். குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி, அதில் ஒரு குழாய்முனை வைத்தால் வாரம் ஒருமுறை திறந்து வடித்துவிடலாம். இருபது ரூபாய்ச் சமாச்சாரம். இது இல்லாததால் கலனே கெட்டுவிட்டது என்று மூடிப்போட்ட வீடு எனக்குத் தெரியும்.

இனி ஸ்லரி. நான் கலன் வைத்திருப்பதே இதற்காகத்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. எருக்குழியில் வெயிலில் கிடக்கும் சாணத்திலிருந்து தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகிறது, மழையில் கரைந்து ஓடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனதும் உங்கள் உரம்தான். கலனுக்குள் போனால் சாணத்திலிருந்து கழிவது கரியும் ஹைட்ரஜனும்தான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் அப்படியே வெளியே வருகின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே எடுக்கக்கூடிய உருவத்துக்கு மாறியிருக்கும். களை விதைகள் பெரும்பாலும் செத்திருக்கும். நாற்றம் குறைந்திருக்கும், ஈ உட்காராது. பக்கத்து வீட்டுச் சண்டைக்கு மருந்து அங்கேதான்.

இதை வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. காயும்போது அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி போய்விடுகிறது, மிஞ்சுவது நார். ஈரமாகவே நிலத்துக்குப் போக வேண்டும். வெளிவாயில் தொட்டியை வாய்க்கால் மட்டத்துக்கு மேலே வைத்தால் மோட்டார் ஓடும் நேரத்தில் திறந்துவிடலாம், தண்ணீரோடு சேர்ந்து தீவனப்புல்லுக்கும் தென்னைக்கும் மஞ்சளுக்கும் பாயும். கோ-4 புல் ஒரு பாத்திக்கு மட்டும் இரண்டு அறுப்புக்கு விட்டுப் பாருங்கள், பச்சை வித்தியாசம் வரப்பில் நின்றாலே தெரியும். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் வடிகட்டாமல் விடாதீர்கள், நார் அடைத்துவிடும். பாய்ச்சல் இல்லாத நாளுக்கு இரண்டு குழி வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் தென்னை மட்டைத் துண்டு, வாழைச் சருகு, கரும்புச் சோகை என்று கிடைத்ததைப் பரப்பி அதன்மேல் விடுங்கள். நிரம்பினால் மூடிவிட்டு அடுத்த குழி. மூன்று மாதத்தில் கறுத்து உதிர்கிற எரு. மண்புழுவும் விடலாம். மழைக்காலத்துக்குக் குழிக்கு ஒரு தகரக் கூரை கட்டாயம்.

தோட்டக் கழிவையே கலனில் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். பருத்தி மார், மட்டை, சோகை எல்லாம் மரநார். அது நுண்ணுயிருக்குப் பல் படாத பண்டம், மேலே மிதந்து ஆடை கட்டி வாயுவை அடைத்துவிடும். வைக்கோலிலிருந்து வாயு எடுக்கிறார்கள்தான், பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் 2022இல் பெரிய ஆலையே திறந்தார்கள். அது வெட்டி, அரைத்து, ஊறவைத்து, இயந்திரத்தால் கலக்குகிற தொழிற்சாலை வேலை, கொல்லைப்புற வேலை இல்லை. சமையலறைக் கழிவு, அரிசி கழுவிய கழனி, அழுகிய பழம் இவற்றைச் சாணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். எங்கள் வீட்டுப் பாயசக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழி எரு கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் தழைச்சத்து மிக அதிகம், தனியாகப் போட்டால் அம்மோனியா சேர்ந்து நுண்ணுயிர் முடங்கும், முட்டைக்கோழித் தீவனத்திலிருக்கும் சுண்ணாம்புக்கல் அடியில் படியும். மாட்டுச் சாணத்தோடு கொஞ்சமாகக் கலந்தால் வாயு நன்றாகவே ஏறும். நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எரு உள்ளிட்ட கழிவுகளிலிருந்து வாயு எடுத்து, சுத்தப்படுத்தி, அழுத்தி, வண்டிக்குப் போடும் சி.பி.ஜி. ஆக விற்கிறார்கள். கழிவு வாயுவை வண்டி எரிபொருளாக விற்க 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளும் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் அடுப்புக்கே எரிக்கின்றன. முன்பு அந்தத் தண்ணீர் ஓடைகளில் போன நாற்றம் அந்தப் பக்கத்து பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ஆட்டுப் புழுக்கை என்றால் ஒரு இரவு ஊறவைத்து மிதித்துக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகப் போய் முழுசாக வரும்.

பயமுறுத்தவேண்டிய இடத்தில் பயமுறுத்தத்தான் வேண்டும். கலன் ஏழெட்டு வருஷத்தில் மண் சேர்ந்து கொள்ளளவு குறைந்தால் காலி செய்ய வேண்டிவரும். அப்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நாள்கணக்கில் விட்டாலும் அடியில் ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் தங்கியிருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது, ஆள் சரிந்துவிடுவார். ஒருவர் விழுந்தால் தூக்கப் போகிற அடுத்தவரும் விழுவார். சாக்கடைத் தொட்டியில் நடக்கிற அதே சாவு. கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்போமே, அந்தப் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது. உள்ளே இருப்பது மீத்தேன், விளக்கே வெடியாகிவிடும். ஸ்லரி பம்பு வைத்து மேலிருந்தே உறிஞ்சி எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். வெளித்தொட்டிக்குக் கம்பி மூடி போடுங்கள், கன்றும் குழந்தையும் விழுந்துவிடும்.

இன்னொன்று, வாயு மிஞ்சினால் சும்மா விடாதீர்கள். மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றக்கூடியது. வெளித்தொட்டியில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கிறதென்றால் ஒரு பர்னரை ஏற்றி வெந்நீர் போடுங்கள், எதிர்வீட்டுக்கு ஒரு குழாய் இழுத்துவிட்டால்கூடத் தப்பில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்தால் பேச்சு வார்த்தை சுலபமாகும்.

இப்போது நாளைக்கே செய்யவேண்டிய வேலை. பால் சொசைட்டிக்குப் போகும் வழியில் ஒரு தொங்கு தராசு வாங்கிவந்து, ஏழு நாள் காலையிலும் மாலையிலும் கட்டுத்தரையில் அள்ளிய சாணத்தை நிறுத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுங்கள். சராசரி ஐம்பதுக்கு மேல் வந்தால் அந்தக் கணக்கோடு கொத்தனாரிடம் போங்கள். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் ஒரு கன மீட்டர் கலன், சிலிண்டரும் பக்கத்தில் இருக்கட்டும். முப்பதைத் தொடவில்லை என்றால் கலன் வேண்டாம். அந்தப் பணத்தில் எருக்குழிக்குக் கூரையும், கோமியம் வடிய ஒரு சிமெண்ட் வாய்க்காலும், பக்கத்து வீட்டுப் பக்கமாக ஒன்றரை அடிச் சுவரும் கட்டிவிடுங்கள்.